தேக்காவில் ஒரு மாலை: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நடை வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தமிழர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போய்விடுகிறார்கள். முருங்கைக்காய் வேண்டும், இட்லி அரிசி வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். போகிறோம், வாங்குகிறோம், பை கனக்க ரயில் ஏறிவிடுகிறோம். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் கையில் பையில்லாமல், வாங்க எதுவும் இல்லாமல் அங்கே இறங்கினேன். அன்றுதான் அந்த இடத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகள் நடந்து, இந்தப் பாதை எனக்குப் பழகிப்போனது. புதிதாக வரும் நண்பர்களை இதே வழியில்தான் அழைத்துப் போகிறேன். உடன் வர முடியாதவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நடையை இரண்டு முறை நடக்க வேண்டும்: வார நாள் ஒன்றில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. ஒரு முறை மட்டும் போய்விட்டுத் தேக்காவைத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

புறப்படும் முன்

சிங்கப்பூரில் ஆண்டின் எந்த மாதமானாலும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. அதனால் நேரத்தைக் கணக்கிடுவது எளிது. ஐந்தரைக்கு இறங்குங்கள். அதற்கு முன் வெயில் முதுகைச் சுடும். அதற்குப் பின் போனால் பள்ளிவாசலையும் கோயிலையும் அவசரமாகப் பார்க்க நேரிடும். சுற்றிச் சுற்றி நடந்தாலும் மொத்தத் தூரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்தான் இருக்கும். நின்று, குடித்து, சாப்பிட்டு நடக்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போடுங்கள். தோளையும் முழங்காலையும் மூடும் உடை இருந்தால் எந்த வாசலிலும் தயங்க வேண்டியதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். குடை இல்லாமலே சமாளிக்கவும் வழி உண்டு. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது. அதை இங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்பார்கள். ஐந்து அடி அகலம் என்பதால் வந்த பெயர். 1822இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரமைப்புக்குக் கொடுத்த உத்தரவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இப்படி ஒரு மூடிய பாதை விட வேண்டும் என்று இருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம் தலை நனையாமல் இருப்பது அதனால்தான். அங்கே சிகரெட் பிடிக்கக் கூடாது என்பது இன்றைய சட்டம்.

சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்குக்குக் காத்திருங்கள். கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடினால் அபராதம் உண்டு.

முதல் படி: தேக்கா நிலையத்தில் ஒரு தே

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 'சி' வாயில் வழியாக வெளியே வாருங்கள். பக்கத்திலேயே தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பாதி ஈரச்சந்தை, மறு பாதி உணவங்காடி. மேல் மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். சந்தை காலை நேரத்தது. மாலையில் போனால் கழுவிவிட்ட தரையும் மீன் வாடையும்தான் மிச்சம். ஒரு விடுமுறைக் காலையில் அதற்காகத் தனியாக வாருங்கள்.

இப்போதைக்கு உணவங்காடிப் பக்கம் ஒரு தே வாங்கி உட்காருங்கள். சும்மா 'தே' என்றால் டின்பால் சேர்த்த தேநீர் வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ', சர்க்கரை வேண்டாமென்றால் 'கோசோங்', இஞ்சி வேண்டுமென்றால் 'தே ஹாலியா'. ஹாலியாவைப் பரிந்துரைக்கிறேன். மேசையில் ஒரு சிறு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் யாருக்கோ பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதை நகர்த்தாதீர்கள். குடித்து முடித்ததும் தட்டையும் கோப்பையையும் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

குடித்தபடி இந்த இடத்தின் பெயரை யோசியுங்கள். 'தேக்கா' ஹொக்கியன் என்ற சீன மொழியின் சொல். சிறு மூங்கில்களின் அடி என்று பொருள். ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்துப் பெயர். மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே வேரூன்றியது. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் தெரிந்தவர்கள் வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பெரிய மகப்பேற்று மருத்துவமனையை எல்லோரும் கே.கே. என்கிறார்களே, அந்த இரண்டு எழுத்துகளும் கண்டாங் கெர்பாவ்தான். 1966இல் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உங்கள் அலுவலகத்தில் இந்த ஊரில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிறந்தவராக இருப்பார்.

இரண்டாம் படி: பஃபலோ ரோட்டில் நிற்பது

தேக்கா நிலையத்தின் பக்கவாட்டில் ஓடும் சிறு தெரு பஃபலோ ரோடு. காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும் தெருவுக்கே வந்து நிற்கின்றன. வாழைப்பூ, சேனை, கறிவேப்பிலைக் கட்டு, அகத்திக்கீரை எல்லாம் இருக்கும். வாங்காதீர்கள். பை சுமந்தால் நடை கெட்டுவிடும். திரும்பும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

பூக்கட்டும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கே ஓர் அக்காவின் விரல்களை நான் பல மாலைகள் பார்த்திருக்கிறேன். இடது கையில் நார் நிற்கும். வலது கை இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் வைக்கும், நார் ஒரு சுற்றுச் சுற்றும், கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டி இறுக்கும். இவ்வளவும் நடக்கும்போது அவருடைய கண் தெருவில் இருக்கும், வாய் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும். ஒருமுறை தொங்கிய மாலை ஒன்றின் அருகே குனிந்தேன். “முகர்ந்து பார்க்காதே தம்பி, அது சாமிக்கு” என்றார். கடிந்துகொள்ளவில்லை, சொல்லிக்கொடுத்தார். தொங்கும் மாலைகளை முகராமல், தொடாமல் பாருங்கள். மல்லிகைச் சரம் வேண்டுமானால் முழக்கணக்கில் கேளுங்கள். அவரே அளந்து கொடுப்பார்.

இங்கிருந்து ஒரு சந்து தள்ளினால் கெர்பாவ் ரோடு. 'கெர்பாவ்' என்றாலும் எருமைதான். அங்கே பல நிறம் பூசிய ஒரு பெரிய வீடு நிற்கிறது. 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டியது. இனிப்புப் பண்டத் தொழிற்சாலைகள் வைத்திருந்தவர். லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் சீன மாளிகை இது. படம் எடுப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். நிறங்கள் பிற்காலத்துப் பூச்சு. எனக்கு அதைவிட மரக்கதவின் வேலைப்பாடுதான் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மூன்றாம் படி: குதிரைகள் விட்டுச்சென்ற பள்ளிவாசல்

சிராங்கூன் ரோட்டைக் கடந்து கேம்பல் லேனுக்குள் நுழையுங்கள். வண்டிகள் வராத தெரு. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இதன் முனையில் இருக்கிறது. வட இந்தியப் படிக்கிணறுகளை நினைவூட்டும் முகப்பு அதற்கு. இருட்டியதும் உள் வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னுள்ள ஓவியம் தெரியும். உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்துக்கு ஒரு முழுப் பகல் தனியாக வேண்டும். பொங்கல் நாட்களில் இந்தப் பகுதிக்கு உண்மையான மாடுகளையே கொண்டுவந்து கட்டுவார்கள். நகரத்துப் பிள்ளைகள் அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் பக்கத்துத் தெருப் பெயர்களைக் கவனியுங்கள். கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசி என்று நம் பள்ளி வரலாற்றுப் புத்தகமே வரிசையாக நிற்கும். நம்மை ஆண்டவர்களின் பெயர்களுக்குக் கீழே நம்மவர்கள் கடை போட்டு, பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு வளைத்துக்கொண்டார்கள்.

டன்லப் தெருவில் இறங்கி நடந்தால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். ஆறரைக்குள் அங்கே சேர்ந்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுகை. அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க உள்ளே நிற்பது முறையல்ல. முன்வாயிலுக்கு மேலே சூரியக் கதிர் போன்ற ஒரு வட்டம் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1907இல் தொடங்கிய கட்டடம். இங்கே முன்பிருந்த சிறு மரப் பள்ளிவாசல், குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த இந்தியக் குதிரைக்காரர்களும் இந்தோனேசியாவின் பாவியன் தீவினரும் தொழுத இடம். பந்தயத் திடல் 1843 முதல் 1933 வரை இந்தப் பேட்டையின் மேற்கு விளிம்பில் இருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனுடையதுதான்.

சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பி வைக்கப்பட்டவை. ஆகவே பாங்கு ஊரெங்கும் கேட்காது. வாசலுக்கு எதிரே அமைதியாக நின்றால், மெல்லிதாக உங்களை எட்டும். நான் அதற்காகவே சில மாலைகள் அங்கே நின்றிருக்கிறேன்.

நான்காம் படி: சுண்ணாம்புக் கம்பத்துக் காளி

கஃப் ரோடு வழியாகத் திரும்பவும் சிராங்கூன் ரோட்டுக்கு வாருங்கள். இங்கே ஒரு நிமிடம் தாமதியுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் நடத்திவரும் இலவச உணவுத் திட்டத்துக்குக் 'கஃப் ரோடு திட்டம்' என்றே பெயர். வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்குக் காத்திருப்பவர்கள், சம்பளம் வராமல் வழக்கு நடப்பவர்கள், வேலை செய்ய அனுமதியில்லாமல் மாதக்கணக்கில் நிற்பவர்கள், இவர்களுக்கான சோறு அது. இந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அதை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை.

சிராங்கூன் ரோட்டின் மறுபக்கம் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். மாலைப் பூசை நேரம் இது. மணி கேட்கும், கூட்டம் நெருக்கும். கால் கழுவிவிட்டு உள்ளே போங்கள். கருவறையில் காளி, அருகே பிள்ளைகளாக விநாயகரும் முருகனும். 1881இல் எழுந்த கோயிலென்று வரலாறு சொல்கிறது. பழையவர்கள் இதைச் 'சுண்ணாம்புக் கம்பம் கோயில்' என்பார்கள். இந்தப் பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட தெய்வம் இவள். 'கம்பம்' என்பது கிராமம் என்ற பொருளுள்ள 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சிராங்கூன் ரோட்டுக்கு அப்பால் கம்போங் கப்போர் என்று ஒரு தெரு இருக்கிறது. மலாயில் 'கப்போர்' என்றால் சுண்ணாம்பு. தமிழிலும் மலாயிலும் ஒரே பெயர். இதை நான் கண்டுகொண்ட நாளில் தெருப்பலகைக்குக் கீழே நின்று இரண்டு முறை படித்தேன்.

ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களில் இந்தக் கோயிலுக்குள் ஓடிவந்து ஒளிந்தவர்கள் பலர். கோயில் சேதமின்றித் தப்பியது. சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, இங்கிருந்து நடை தூரத்தில் உள்ள ஃபேரர் பார்க் திடலில்தான் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்வெளியில் தொடங்குகிறது.

ஐந்தாம் படி: சாப்பாடு

இதற்குள் பசித்திருக்கும். மரக்கறி சாப்பிடுகிறவர்கள் சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் ஒரு தோசை சாப்பிடலாம். நாலைந்து பேராகப் போனால் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குத் திரும்பி மீன்தலைக் கறி சாப்பிடுங்கள். கேரளத்திலிருந்து வந்த ஒருவர், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக நம் பக்கத்துப் புளிக்குழம்பில் அதைப் போட்டுச் செய்தது என்பது இந்த உணவின் கதை. ஊரில் கிடைக்காத, இந்த ஊரிலேயே பிறந்த கறி. தனியாகப் போகிறவர்கள் ஆர்டர் செய்ய வேண்டாம், ஒரு தலை ஒருவருக்குத் தாங்காது.

ஆறாம் படி: முஸ்தஃபா வழியாகப் பெருமாள் கோயில் வரை

சாப்பிட்டதும் சிராங்கூன் ரோட்டின் வலப்பக்கச் சந்துகள் வழியாக நடங்கள். ஹிண்டூ ரோடு, டெஸ்கர் ரோடு என்று பெயர்கள் வரும். டெஸ்கர் இந்தப் பகுதியில் இறைச்சி வெட்டும் தொழில் நடத்திய குடும்பத்தின் பெயர். டெஸ்கர் ரோட்டையும் சையத் ஆல்வி ரோட்டையும் இணைக்கும் சிறு தெரு லெம்பு ரோடு. 'லெம்பு' என்றால் மலாயில் மாடு. பஃபலோவில் தொடங்கி லெம்புவில் முடித்தால் மாட்டுக் கணக்கும் முடிந்தது. லெம்பு ரோட்டுத் திடல் பங்களாதேஷ் தொழிலாளர்கள் கூடும் இடம். பலகைகள் தமிழிலிருந்து வங்காளிக்கு மாறுவதைக் கவனியுங்கள். கடைகளில் மீன் வகையும் மாறும்.

முஸ்தஃபா என்ற பெரிய கடை பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். உள்ளே போனால் ஒரு மணி நேரம் காணாமல் போகும், ஆகவே இன்று வேண்டாம். எதிரே ஒரு குஜராத்தி வணிகக் குடும்பம் எழுப்பிய அங்குலியா பள்ளிவாசல். அதைத் தாண்டி ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். 1855இல் தொடங்கியது, இன்றைய ராஜகோபுரம் 1979இல் எழுந்தது. தைப்பூசத்தன்று காவடிகள் இங்கிருந்துதான் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் புறப்படும். கோயிலை ஒட்டி ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. வார நாள் நடை இங்கே முடிகிறது.

ஏழாம் படி: ஞாயிறு

இப்போது இதே பாதையை ஒரு ஞாயிறு மாலை நடக்க வேண்டும். நீங்கள் பார்த்த தெரு அங்கே இருக்காது. அஞ்சடி முழுக்க ஆண்கள். துவாஸ், கிராஞ்சி போன்ற தீவின் ஓரங்களில் உள்ள விடுதிகளிலிருந்து வந்தவர்கள். வாரம் ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறார்கள். காய் வாங்க, பணம் அனுப்ப, முடி வெட்ட, எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்க்காரனைப் பார்க்க. புதுக்கோட்டைக்காரர்கள் கூடும் மூலை வேறு, கடலூர்க்காரர்கள் உட்காரும் புல்தரை வேறு. ஒருமுறை பஃபலோ ரோட்டில் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, கடையில் குவிந்த கத்தரிக்காயை வீட்டிலிருந்த மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “இங்கேயும் நம் ஊர்க் காய்தான், பார்” என்றார். மகள் என்ன சொன்னாளோ, அவர் ஒரு காயை எடுத்துக் கேமராவுக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

இந்தத் தெரு ஒரு கசப்பையும் சுமக்கிறது. 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம். 2015 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது: வார இறுதியில் இங்கே பொது இடத்தில் குடிக்கக் கூடாது, மாலை ஏழு மணிக்கு மேல் கடைகளில் மதுப் புட்டி வாங்கிப் போகவும் முடியாது. கொரோனா காலத்தில் விடுதிகளுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டவர்கள், 2022இல் கூட ஞாயிறுகளில் தேக்காவுக்கு வரத் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அலுவலக வேலையில் இருந்த என்னைப் போன்றவர்கள் அப்போது எந்த அனுமதியும் கேட்காமல் இங்கே தே குடித்துக்கொண்டிருந்தோம். நாங்களும் அவர்களும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள்தான். கடவுச்சீட்டு நிறமும் ஒன்றுதான். இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஞாயிறு நடைக்குச் சில கட்டுப்பாடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய கூடம். நாம் நடுவே நடந்து போகிறோம். முகங்களைப் படம் எடுக்காதீர்கள். கூட்டம் என்று மூக்கைச் சுளிக்காதீர்கள், பைகளை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வழி வேண்டுமென்றால் “அண்ணே, கொஞ்சம்” என்றால் போதும், நான்கு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள். யாராவது ஒரு படிவத்தை நீட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நின்று படித்துச் சொல்லுங்கள். எனக்கு இப்படி மூன்று முறை நேர்ந்திருக்கிறது. ஒன்று மருத்துவமனைக் கடிதம். படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அன்று நடை பாதியில் நின்றதில் எனக்கு வருத்தமில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பெருமாள் கோயில் வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தினான். இருபத்திரண்டு வயதிருக்கும். வந்து நாற்பது நாள் ஆகிறதாம். “அண்ணே, ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்” என்று கைபேசியைக் கொடுத்தான். எடுத்தேன். வாங்கிப் பார்த்தவன் தயங்கினான். “கோபுரத்து உச்சி வரவில்லை அண்ணே. கலசம் தெரிய வேண்டும்.” நடைபாதையில் ஒரு முழங்காலை ஊன்றி, கைபேசியைக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்தேன். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டான். இந்த முறை கலசங்கள் எல்லாம் வந்துவிட்டன. விரலால் பெரிதாக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றபடி ஊருக்கு அனுப்பினான். இரண்டு நீலக் குறிகள் விழும்வரை காத்திருந்தான். பிறகு விடுதிப் பேருந்து பிடிக்க ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஓடினான்.